கொடிக்கம்பமும் நடைபாதையும்



நெடுஞ்சாலைகள், உள்ளாட்சி நிலங்கள் உள்ளிட்ட பொது இடங்களில் அரசியல் கட்சிகளும் சாதி, மத அமைப்புகளும் நிலையாக நட்ட கொடிக்கம்பங்களை 12 வாரங்களுக்குள் அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 27.01.2025 அன்று பிறப்பித்த உத்தரவு கருத்துரிமையைப் பறிக்கிறது என்னும் வாதம் பொருந்தாது. பட்டா நிலத்தில், அதாவது தனியாருக்கு உரிமையான இடத்தில், விதிகளுக்கு உட்பட்டுக் கம்பம் நட அவ்வுத்தரவே வழிவிடுகிறது. தேசியக் கொடியை மரியாதையுடன் ஏற்றுவது கருத்துரிமையின் பகுதி என 2004இல் நவீன் ஜிந்தால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதும், பொது நிலத்தை எவரும் தமதாக்கிக்கொள்ள அளித்த அனுமதி ஆகாது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில், கம்பத்தைவிட அதைத் தாங்கும் சிமென்ட் பீடமே முதியோரையும் சக்கர நாற்காலியில் செல்வோரையும் நடைபாதையிலிருந்து வாகனங்களுக்கு நடுவே இறக்கிவிடுகிறது என்பதால், அவ்வுத்தரவுக்கு எதிரான மேல்முறையீடுகள் எப்படி முடிந்தாலும், நடைபாதையை மறிக்கும் பீடங்களை ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி மாநகராட்சி அகற்ற வேண்டும்.

– வாசகர், மயிலாப்பூர்