வழுவும் வழுவமைதியும்

மென்பொருளில் நேரும் பிழைக்கு 'வழு' என்று தமிழில் பெயரிட்டவர் இலக்கணம் கற்றவராகத்தான் இருக்க வேண்டும். வழு என்றதும் வழுவமைதியும் நினைவுக்கு வந்துவிடுகிறது. வருகிற பசுவை உவப்பு மிகுதியால் 'அம்மை' என்று உயர்திணையாக்கிச் சொல்வது திணை வழு. காரணம் இருப்பதால் அதை ஏற்கிறது நன்னூல். மின்சுற்றுப் பலகை வரையும் தொழிலில் உள்ள எங்களுக்கு இந்த வழுவமைதி அன்றாட வாழ்க்கை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு பலகை வரைந்தோம். தடங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையெல்லாம் செம்பால் நிரப்பி கிரவுண்டோடு இணைப்பது வழக்கம். கடைசி நேரத்தில் மின்சாரம் செல்லும் தடம் ஒன்றைச் சற்றே நகர்த்தினோம். சுற்றியிருந்த செம்பு விலகி வழிவிட்டதாகத் திரை காட்டியது. விதிச் சோதனையும் பிழையில்லை என்றது. ஆனால் தொழிற்சாலைக்குப் போன கெர்பர் கோப்பில் பழைய நிரப்பலே இருந்திருக்கிறது. இருபது பலகைகள் வந்தன. இருபதிலும் தடமும் கிரவுண்டும் ஒட்டிக் கிடந்தன. இரண்டு நாள் கத்தியால் செம்பைச் சுரண்டிப் பிரித்தோம். மென்பொருளின் பெயர் இங்கு வேண்டாம்.

மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் வியக்கவே இல்லை. "நிரப்பலை அழிச்சிட்டு, ஃபைலை மூடித் திறந்து, மறுபடி நிரப்பணும் தம்பி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். எல்லோருக்கும் தெரிந்த அச்செய்தி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எங்கள் மனக்குறை வழுவின்மீது இல்லை. இத்தனை பெரிய நிரலில் வழு இருக்கத்தான் செய்யும். அதைத் தாண்டும் உபாயம் வாய்மொழியாகவே உலவி, காரணம் உதிர்ந்து, சடங்காகிவிடுவதுதான் உறுத்துகிறது. அந்த வழு நீங்கிப் பல பதிப்புகள் கடந்த பின்னும் அழித்து, மூடி, திறந்து நிரப்புகிறவர்களைக் கண்டிருக்கிறோம். ஏன் என்று கேட்டால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள். நன்னூலார் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்று காரணத்தைச் சொல்லியே வழுவை அமைக்கிறார். நம் தொழிலில் அமைதி மட்டும் எஞ்சுகிறது.

நல்ல உபாயங்களும் உண்டு. கெர்பர் கோப்பை, அதை உருவாக்கிய மென்பொருளிலேயே திறந்து பார்க்காமல் ஜெர்ப்வி போன்ற வேறொரு நிரலில் பார்ப்பது அவற்றுள் தலையாயது. எழுதியவனே மெய்ப்புப் பார்த்தால் என்ன ஆகும் என்பது சிற்றிதழ் நடத்தியவர்களுக்குத் தெரியும். கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும்.

கிகேட் மென்பொருளில் 6ஆம் பதிப்புக்கு முன்புவரை, சுற்று வரைபடத்தில் உறுப்புகளின் குறியீடுகள் முழுமையாக இடம்பெறுவதில்லை; நூலகக் கோப்பைச் சுட்டுவதோடு சரி. நூலகம் மாறினால் வரைபடமும் கெடும். ஆகவே விவரமறிந்தவர்கள் வரைபடத்தோடு 'கேஷ்' கோப்பையும் மறக்காமல் சுமந்து திரிந்தார்கள். 2021 டிசம்பரில் வந்த 6ஆம் பதிப்பு குறியீட்டை வரைபடத்துக்குள்ளேயே பதித்துவிட, அந்தச் சுமை இறங்கியது. 1992இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளின் வழுக்கள் பொதுவில் பதிவாகின்றன, யாரும் படிக்கலாம். விலை கொடுத்து வாங்கும் கருவிகளில் பெரும்பாலும் அது நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தாகவே முடிந்துவிடுகிறது.

வழுவை முறைப்படி தெரிவிக்க ஏது நேரம் என்பார்கள். நியாயந்தான். பிழையை மட்டும் காட்டும் சிறு மாதிரிக் கோப்பு தயாரிக்க அரைநாள் போய்விடும். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. உண்மையைச் சொன்னால், அந்த இருபது பலகைகளுக்குப் பிறகு நாங்களும் யாருக்கும் எழுதவில்லை. சுரண்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

இப்போது ஒவ்வொரு திட்டத்தோடும் ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருக்கிறோம். எந்தப் பதிப்பில் எது கெட்டது, நாங்கள் என்ன செய்தோம், ஏன், என்று நான்கு வரி. அண்மையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு ஒவ்வொன்றையும் புதிய பதிப்பில் சோதித்தாள். மூன்று குறிப்புகளை அடித்துவிட்டோம். காரணம் எழுத மறந்த இரண்டு குறிப்புகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. அவற்றை எப்படிச் சோதிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை, செய்துகொண்டிருக்கிறோம்.