பில்டருக்குக் கிடைத்த சலுகை வீட்டுக்காரருக்கு ஏன் இல்லை?

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் மேற்கு மாம்பலத்திலும் குரோம்பேட்டையிலும் இடம் வாங்கி, மேலும் கீழுமாக மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறார்கள். மோட்டார் ஓடவில்லை, பாத்ரூமில் ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் கூப்பிட்டால் ஓடுவதற்கு உடம்பு இடம் கொடுப்பதில்லை. வீட்டை விற்று, மாதாமாதம் வருமானம் வருகிற ஏதாவதொன்றில் பணத்தைப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு ஆடிட்டரிடம் போகிறார்கள்.

ஆடிட்டர் சொல்லக்கூடிய முக்கிய வழிகள் இரண்டுதான். முதலாவது, கிடைத்த லாபத்தில் 2 வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்குவது. அப்படிச் செய்தால் 10 கோடி ரூபாய் வரை வரி இல்லை. வீட்டுத் தொல்லை போதும் என்று வந்தவரிடம் இன்னொரு வீடு வாங்கச் சொல்கிறது சட்டம்!

இரண்டாவது, 54இசி என்று எல்லோருக்கும் பழகிப்போன கடன் பத்திரம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமானவரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியதே தவிர, இந்த ஏற்பாட்டை எடுத்துவிடவில்லை. ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். 5 வருடம் எடுக்க முடியாது. வட்டி 5.25 சதவீதம், அந்த வட்டிக்கும் வரி உண்டு. லாபம் ஒன்றரைக் கோடி என்றால் 50 லட்சம் இதில் போகும். மீதி ஒரு கோடிக்கு 12.5 சதவீதக் கணக்கில் 12.5 லட்சம் வரி. சர்சார்ஜும் செஸ்ஸும் தனி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்குப் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கணக்கிடும் வாய்ப்பு உண்டு. எது குறைவோ அதைக் கட்டலாம். எப்படியும் பெரிய தொகை போய்விடும்.

அமெரிக்காவில் இதே வயதுக்காரருக்கு வேறு வழி இருக்கிறது. அங்கே வாடகைச் சொத்தை விற்று இன்னொரு சொத்து வாங்கினால் வரியைத் தள்ளிப்போடலாம் என்ற ஏற்பாட்டின் வேர் 1921-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் இருக்கிறது. இன்று அது 1031-ஆம் பிரிவு. விற்ற பணத்தை விற்றவர் கையால் தொடக் கூடாது. நடுவில் ஒருவர் வைத்திருப்பார். 45 நாளில் புதுச் சொத்தை அடையாளம் காட்டி, 180 நாளில் வாங்கி முடிக்க வேண்டும். அந்தப் புதுச் சொத்து முழு வீடாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் விசேஷம். டெலவேர் மாநிலச் சட்டப்படி அமைந்த ஒரு டிரஸ்ட்டின் கிடங்கிலோ அடுக்குமாடியிலோ பங்கு வாங்கினாலும் செல்லும் என்று 2004-ல் வரித்துறையே தெளிவுபடுத்திவிட்டது. வாடகை வசூலும் ரிப்பேரும் டிரஸ்ட்டின் வேலை.

அங்கேயும் எல்லாம் சுகமில்லை. அவசரத்துக்கு அந்தப் பங்கை விற்க முடியாது, கட்டணங்களும் அதிகம். ஒரே சொத்தைப் பலர் சேர்ந்து வாங்கும் இன்னொரு முறையை விற்றுவந்த ஐடஹோ மாநிலத்து டிபிஎஸ்ஐ நிறுவனம் 2008-ல் திவாலாகி, பலருடைய ஓய்வுக்காலச் சேமிப்பைக் கரைத்தது. அதனால் அமெரிக்க ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்துக்கொள்ளவும் தேவையில்லை, ஏனென்றால் அதைவிட நல்ல அமைப்பு நம்மிடமே இருக்கிறது.

அதுதான் ரீட்: பலருடைய பணத்தைத் திரட்டி வாடகைக் கட்டடங்களை வைத்திருந்து, வருமானத்தை யூனிட் வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரஸ்ட். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2014-ல் இதற்கு விதிமுறை வகுத்தது. 2019-ல் எம்பசி முதலாவதாகச் சந்தைக்கு வந்தது. வடபழனியின் நெக்ஸஸ் விஜயா மாலும் போரூரில் மைண்ட்ஸ்பேஸின் அலுவலக வளாகமும் ரீட்களின் கையில்தான் இருக்கின்றன. பகிரத்தக்க வருமானத்தில் 90 சதவீதத்தை யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். யூனிட் விலை ஏறும், இறங்கும். ஆனால் நினைத்த நாளில் விற்கலாம்.

வயிற்றெரிச்சல் இங்கேதான். சொத்து வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை ரீட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு யூனிட் வாங்கும் பில்டருக்கு அந்தக் கைமாற்றத்தின்போது மூலதன ஆதாய வரி கிடையாது. யூனிட்டை விற்கும்போது கட்டினால் போதும். 2014-லேயே இந்த வசதியைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். குரோம்பேட்டைக்காரர் வீட்டை விற்று அதே ரீட்டின் யூனிட்டை வாங்கினால் முழு வரியையும் கட்ட வேண்டும்.

பில்டருக்குக் கொடுத்த வசதியை வீட்டுக்காரருக்கும் கொடுத்தால் அரசுக்கு வருமானம் போய்விடும் என்ற வாதம் நிற்காது. கேட்பது தள்ளுபடி அல்ல, தவணை. அமெரிக்காவில் உரிமையாளர் இறந்தால் வாரிசின் கணக்கில் சொத்தின் விலை அன்றைய சந்தை மதிப்புக்கு ஏறிவிடும்; தள்ளிப்போட்ட வரி மொத்தமாகக் காணாமல் போகும். இந்தியாவில் அப்பா வாங்கிய விலைதான் பிள்ளைக்கும் அடக்க விலை. இங்கே வரி தப்பிக்காது, தாமதமாக வரும், அவ்வளவுதான்.

லாபத்தில் 2 கோடி வரை பட்டியலிட்ட ரீட் யூனிட்களில் போட்டு, 5 வருடம் விற்காமல் வைத்திருப்பவர்களுக்கு, விற்கும் நாள் வரை வரியைத் தள்ளிவைக்கலாம். நிதியமைச்சர் அடுத்த பட்ஜெட்டில் இதைப் பரிசீலிக்க வேண்டும். அதுவரை வீட்டை விற்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: கடன் பத்திரத்தில் போடுவதானால் விற்ற தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.