பட்டன் இருந்தா போதுமா?

பொங்கல் வந்தா எங்க தெருவுல மாட்டு வண்டி திருப்பக்கூட இடம் இருக்காது. சென்னை, பெங்களூருன்னு பிழைக்கப் போன பிள்ளைங்க கார் எல்லாம் வரிசையா நிக்கும். பார்க்கச் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா இப்பெல்லாம் ஒரு கார் வந்து நின்னா நான் முதல்ல குனிஞ்சு டயரைத்தான் பார்க்கிறேன். அதுக்குக் காரணம் இருக்கு.

2024 தை மாசம். சம்பா அறுவடை முடிஞ்சு, 50 மூட்டை நெல்லை டிராக்டர் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுக் கொள்முதல் நிலையத்துக்குப் போனோம். மூட்டை மேல ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. வாய்க்கால் கரை ரோட்டுல போறப்ப வெடி வெடிச்ச மாதிரி சத்தம். டிரெய்லர் ஒரு பக்கமா சாய்ஞ்சு, கரை ஓரத்துல போய் நின்னுச்சு. மேல இருந்தவங்க குதிச்சுட்டாங்க. ஒருத்தருக்கு முழங்கால்ல சிராய்ப்பு, அவ்வளவோட போச்சு. இன்னும் ரெண்டடி நகர்ந்திருந்தா நெல்லும் ஆளும் வாய்க்காலுக்குள்ள.

பங்க்சர் கடைக்காரர் வந்து பார்த்தார். "அண்ணே, பட்டன் நல்லாத்தான் இருக்கு. டயருக்குத்தான் வயசாயிடுச்சு"ன்னார். பக்கவாட்டுல இருந்த சேத்தைத் துடைச்சு நாலு நம்பரைக் காட்டினார். 0812. அதாவது 2012-ம் வருஷம் 8-வது வாரம் செஞ்ச டயர். பழைய டயரா, பட்டனை மட்டும் பார்த்து நான் வாங்கினது. வயசைக் கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

டிரெய்லர் வருஷத்துல ரெண்டு மாசம் ஓடும், பத்து மாசம் வெயில்ல நிக்கும். ஓடாததால பட்டன் தேயாது. ஆனா ரப்பர் சும்மா இருக்காது. வெயிலும் சூடும் காத்தும் பட்டு, நின்ன இடத்துலயே இறுகி வெடிப்பு விடும். தேயுறது வேற, முதிர்றது வேற. எனக்கு இது புரிய அம்பது வயசு தாண்ட வேண்டியிருந்துச்சு.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, உங்க கார் பலதும் என் டிரெய்லர் மாதிரிதான். ஆபீசுக்கு மெட்ரோ, கடைக்கு ஸ்கூட்டர். கார் அடுக்குமாடிக்குக் கீழ மாசக்கணக்கா நிக்குது. திடீர்னு ஒரு நாள் ராத்திரி குடும்பத்தோட ஏறி, 300 கிலோமீட்டர் நாலுவழிச் சாலையில நூறுல வர்றீங்க.

2025 பொங்கலுக்கு என் அக்கா மகன் வந்தான். டயரோட பக்கவாட்டுல தலைமுடி அளவுக்கு வெடிப்பு. நம்பர் 3415. "மாப்ளே, இது ஒன்பது வருஷத்து டயர்டா"ன்னேன். "மாமா, வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. புதுசு மாதிரி இருக்கு"ன்னான். அன்னிக்கு ராத்திரியே கிளம்பணும்னு நின்னான். நான் விடல. பேச்சு முத்தி, அக்காவுக்கே என் மேல வருத்தம். பின்னாடி சீட்டுல ரெண்டு குழந்தைங்க உட்காரப் போகுதேன்னு நான் பிடிவாதமா நின்னேன். மறுநாள் கடை திறந்ததும் டவுன்ல நாலையும் மாத்திட்டுத்தான் போனான். பழைய டயர்லயே அவன் பத்திரமா சென்னை போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். அதைச் சோதிச்சுப் பார்க்கிற விஷயம் இல்ல இது.

ஊருக்குக் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பாருங்க. அப்பத்தான் மாத்தணும்னா நேரம் இருக்கும். நாலு நம்பர்ல முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். வெளிப்பக்கம் இல்லைன்னா உள்பக்கம் இருக்கும். அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. பத்து வருஷம் ஆனா, பட்டன் எப்படி இருந்தாலும் கழட்டிடணும்னு டயர் செய்யுற கம்பெனிகளே சொல்லுது. பட்டன் பள்ளத்துக்குள்ள சின்ன மேடு இருக்கும். அந்த மேட்டு அளவுக்கு, அதாவது 1.6 மில்லிமீட்டருக்கு, தேய்ஞ்சிருந்தா புது டயர்னாலும் மாத்தணும். பக்கவாட்டுல கொப்பளம் மாதிரி புடைச்சிருந்தா உள்ள நூல் அறுந்திருக்குன்னு அர்த்தம். அந்த டயரோட பக்கத்து ஊருக்குக்கூடப் போகாதீங்க.

காத்தைக் காலையில, வண்டி ஓடுறதுக்கு முன்னாடி பிடிங்க. ஓடின டயர் சூட்டுல காத்து கூடுதலாக் காட்டும். அதை நம்பி இறக்கிடாதீங்க. காத்து குறைஞ்ச டயர் மடங்கி மடங்கி ஓடிச் சூடாகும், அந்தச் சூடுதான் வெடிக்க வைக்கும். எவ்வளவு காத்துன்னு டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். டயர் மேலயே போட்டிருக்கிறது அது தாங்குற உச்ச அளவு, அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. முழு பாரத்துக்கு எவ்வளவுன்னும் அந்த ஸ்டிக்கர்லயே தனியா இருக்கும். அது முக்கியம். ஏன்னா திரும்பிப் போறப்ப உங்க அம்மா ஒரு மூட்டை அரிசி, அரை சாக்கு தேங்காய், ஒரு வாழைத்தார் இல்லாம அனுப்ப மாட்டாங்க.

ஸ்டெப்னியையும் மறக்காதீங்க. நாலு டயரை மாத்தினவங்ககூட அஞ்சாவதை வண்டி வாங்கின நாள்ல இருந்து தொட்டிருக்க மாட்டாங்க.

எங்க அப்பா வண்டி பூட்டுறதுக்கு முன்னாடி கடையாணியைத் தொட்டுப் பார்க்காம கிளம்பினதே இல்ல. சந்தைக்குப் போறதா இருந்தாலும் சரி, பக்கத்து வயலுக்குப் போறதா இருந்தாலும் சரி. நாம சந்தனம் குங்குமம் வச்சு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுக் கிளம்புறோம். வைங்க, வேண்டாம்னு சொல்லல. பழம் வைக்கக் குனியுறீங்கல்ல, அப்படியே அந்த நாலு நம்பரையும் பார்த்துடுங்க.