எங்கம்மா முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறவன் எழுதுவது



சென்ற ஆண்டு நம்முடைய கூட்டம் ஒன்றுக்கு எங்கம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். தீண்டாமை பற்றித்தான் பேச்சு. பேசியவரும் நன்றாகவே பேசினார். இடைவேளையில் டீ வந்தது. எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். எங்கம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப். கொண்டாந்து குடுத்தது ஊர்த்தெருக்காரன் இல்லை. நம்ம ஆள், ரெட்டைக் குவளைக்கு எதிராகக் கோஷம் போட்ட ஆள். எங்கம்மா வாங்கிக் குடிச்சிட்டு, “பரவால்லப்பா, கழுவுற வேல மிச்சம்”ன்னு சொல்லிச்சி. நான்தான் குடிக்கவில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன்.

எங்களுக்கு வேப்பூர் பக்கம். எங்கம்மா பஸ் ஏறி விருத்தாசலத்துக்கு செராமிக் வேலைக்குப் போவும். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையை, அகல் விளக்கை, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பிசிறு எடுக்கும் வேலை. நாள் முழுக்கக் கை ஈரத்தில், களிமண்ணில். முதலில் முழங்கையில் ஒரு படை வந்தது. பிறகு தலை, முதுகு, கால். வெள்ளை வெள்ளையாகச் செதிலு உதிர்ந்தது. கார்த்திகை சீசனில், வேலை நெருக்கிப் பிடிக்கும் நேரத்தில், கம்பெனிக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: “சரக்கு வாங்க வர்றவங்க பாத்தா என்னா நெனைப்பாங்க? சரியானப்பறம் வா.” அது துடைத்த விளக்கெல்லாம் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து, ஊர்த்தெருப் பூசையறைகளில் எரியப்போகிற விளக்கு. விளக்கு உள்ளே போனது. துடைத்த கை வெளியே வந்தது.

நோயின் பெயர் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். தோலின் செல்கள் வளர்ந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. உடம்பின் தற்காப்பு முறையே தன் தோலைத் தாக்குவதால் வருவது. பரம்பரைக்கும் பங்குண்டு. சிலருக்கு மூட்டையும் பிடிக்கும். அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை, அடக்கி வைக்க முடியும். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. 2014 மே மாதம் உலக நலவாழ்வுப் பேரவை கூடி, இது தொற்றாத நோய் என்று தீர்மானமே போட்டது. தீர்மானம் ஜெனீவாவில் இருக்கிறது, பேப்பர் கப் இங்கே இருக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்கவே நாங்கள் அலைந்தோம். சொரியாசிஸ் என்றால் சிவப்புத் திட்டு என்றுதான் பாடப் புத்தகம் நெடுங்காலம் காட்டியது. காட்டிய படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். கறுத்த தோலில் அது சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, சாம்பலாக, கருத்துத் தெரியும். “குளிக்கிறதில்லையாம்மா நீ?” என்று ஒரு டாக்டர் கேட்டார். ஒரு மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் உடம்பு பளிச்சென்று ஆனது. கடவுளைக் கண்ட மாதிரி இருந்தது. அது ஸ்டீராய்டு என்று எங்களுக்குத் தெரியாது. காசு தீர்ந்து நிறுத்தியதும் உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டு எங்கம்மா நடுங்கிச்சி. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இந்த நோய் இப்படித்தான் சீறும் என்று பிறகுதான் படித்தேன்.

இப்போது மாட்டுக்கறி விஷயத்துக்கு வருகிறேன்.

போன இடமெல்லாம் முதல் கேள்வி அதுதான். “என்னா சாப்புடுவீங்க? பெரிய கறி உண்டா? அதான்.” பெயரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அப்புறம் நோயைக் கேட்டவர்கள் உண்டு. சீட்டிலேயே ‘பெரிய கறி கூடாது’ என்று எழுதிக் கொடுத்தவரும் உண்டு. மாட்டுக்கறி தின்றதால் இந்த நோய் வந்தது என்று எந்த மருத்துவமும் நிரூபித்ததில்லை. குடி, புகை, மனச் சுமை, தொண்டைப் புண், கூடிப்போன எடை, இவை நோயைக் கிளப்பும் என்பது உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கம்மாவை யாரும் மனச் சுமை பற்றிக் கேட்கவில்லை. தீண்டப்படாதவர்கள் யார் என்று ஆராய்ந்து 1948இல் அம்பேத்கர் எழுதிய நூலில், தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் கண்டு காட்டினார். அன்று தீட்டு என்று சொன்னதை இன்று பத்தியம் என்று சொல்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்த வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும். அந்தத் தைலத்தை எங்கம்மாவுக்கு இன்றும் தேய்க்கிறேன், அரிப்புக்கு இதமாக இருக்கிறது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர்தானே. நம்முடைய கையிலும் இருந்த அறிவு அது. அதையே எடுத்து நம்முடைய சோற்றுச் சட்டியைக் குற்றவாளி ஆக்குகிறபோதுதான் எரிகிறது.

இனி என் குற்றம்.

பஸ்சில் பக்கத்து சீட்டுப் பொம்பளை எழுந்து போகும்போதெல்லாம் நான் கத்துவேன்: “இது குஷ்டம் இல்லீங்க! ஒட்டாதுங்க!” வருஷக்கணக்கில் அப்படிக் கத்தினேன். ஒருநாள் எங்கம்மா கேட்டுச்சி: “ஏம்பா, குஷ்டமா இருந்தா எந்திரிச்சிப் போலாமா?”

எனக்குப் பதில் இல்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எனக்குக் கீழே இன்னொருத்தனைத் தள்ளிவிட்டு அவன் தலைமேல் ஏறி நின்று நான் சுத்தம் என்று காட்டிக்கொண்டிருந்தேன். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைக் கூட்டத்தில் கேட்டுத் தலையாட்டியவன்தான் நானும். தொழுநோய் கிருமியால் வருவது. 1980களில் வந்த கூட்டு மருந்தால் முழுக்கக் குணமாகிறது. அப்படியிருந்தும் இந்து திருமணச் சட்டம் உட்பட ஐந்து சட்டங்களில் அதை விவாகரத்துக்கும் பிரிந்து வாழ்வதற்கும் ஒரு காரணமாக வைத்திருந்தார்கள். 2019இல்தான் நீக்கினார்கள். ஐரோப்பாவிலும் 1841இல் வியன்னா மருத்துவர் ஹெப்ரா பிரித்துக் காட்டும்வரை ரெண்டு நோயும் ஒன்றாகக் குழம்பித்தான் கிடந்தன. நோய் வேறு வேறுதான். ஆனால் எழுந்து போகிறவன் கால் ஒன்றுதான். ‘ஒட்டாது’ என்று சொல்லி மட்டும் தொடச் சொன்னால், ஒட்டுகிற நோய்க்காரனைத் தள்ளிவை என்று நாமே உத்தரவு கொடுத்ததாகிறது.

கவனிப்பு என்பது என்ன வேலை என்றும் சொல்லிவிடுகிறேன். குளித்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தேய்க்க வேண்டும். செதிலைப் பிய்க்கவிடக் கூடாது; கீறின கோட்டிலேயே புதுப்படை கிளம்பும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் காலண்டரில் சனிக்கிழமையைச் சுழித்து வைக்கிறேன். அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும், ஈரல் கெடாமல். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. பாயில் உதிர்ந்த செதிலை யாரும் பார்ப்பதற்குள் கூட்டிவிட எங்கம்மா விடியக்காலை நாலு மணிக்கே எழுந்துவிடும். “படுத்திரும்மா, நான் கூட்டறன்”ன்னு சொல்ல எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. அந்த வெட்கம் என்னிடமும் இருந்தது.

“பொண்டாட்டி இருக்காள்ல, நீ ஏன்டா செய்யற?” என்கிறது தெரு. அவளும் கூலிக்குப் போய்த்தான் வருகிறாள். அடுத்தவன் உடம்பின் அழுக்கையெல்லாம் இந்தச் சாதி நம் தலையில் கட்டியது. பிரசவம், பீ, பிணம் எல்லாம். அதிலிருந்து தப்பி வந்த நம் ஆண்கள் அந்த வேலையை வீட்டுப் பெண்கள் தலையில் இறக்கி வைத்திருக்கிறோம். கட்டாயத்தால் தொட்டது வேறு, பெற்றவள் முதுகை நானாகத் தொடுவது வேறு. இதைத் தியாகம் என்று யாரும் பாராட்ட வேண்டாம்.

அரசிடம் கேட்பது: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்கள் இருக்கிறார்கள், வேலையும் மூட்டும் போன சொரியாசிஸ்காரருக்குத் தனி இடம் இல்லை. அவர்களையும் சேர். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் 2021இல் வீடு தேடி மாத்திரை கொடுக்கத் தொடங்கியது போல, இந்த மாத்திரையும் களிம்பும் ரத்தப் பரிசோதனையும் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கச் செய். தோலைக் காட்டி வேலையை விட்டு நிறுத்துகிறவனைக் கேள்வி கேட்கச் சட்டம் செய்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த கூட்டத்துக்கும் எங்கம்மா வரும். டம்ளர்ல டீ குடுங்க.