‘எல்லைக்கோடு’ என்று எழுதி வந்தால்

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கும் நாள்களில் எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரின் கைபேசியில், மருத்துவரைக் காண்பதற்கு முன்பே ஆய்வக அறிக்கை வந்து காத்திருக்கின்றது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, விடால் சோதனையில் 1:80. ‘ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம்’ என்னும் வரிக்கு நேரே ‘எல்லைக்கோடு’. மந்தைவெளியிலோ தியாகராய நகரிலோ இரவெல்லாம் விழித்திருந்து, அந்த ஒற்றைச் சொல்லின் பொருளைத் தேடிக் களைத்த தாயும் தந்தையும் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: ‘இருக்கிறதா, இல்லையா?’ பிள்ளைக்கோ ஆறாம் நாளாக 103 டிகிரி காய்ச்சல்.

கேள்வி நியாயமானது. அந்தத் தாள் மட்டும் அதற்கு விடை சொல்லாது என்பதை எடுத்துரைக்க வேண்டியவர்கள் நாங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் பல நேரம் அதைச் சொல்லாமலே மருந்துச் சீட்டை எழுதி அனுப்பிவிடுகின்றோம். அது எங்கள் குறையே.

உண்ணிக்காய்ச்சல் என்று நாளிதழ்கள் எழுதும் இந்நோயைப் பரப்புவது மாட்டு உண்ணி அன்று. புதரிலும் எலி நடமாடும் இடங்களிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவமே கடிக்கின்றது. கிராமத்து நோய் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு உண்டு. ஆனால் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை விடுத்த எச்சரிக்கையில் சென்னையும் இடம்பெற்றிருந்தது.

ஐஜிஎம் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கின்றது. அது அளவிடத்தக்க அளவுக்குப் பெருக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே நான்காம் நாளில் ‘இல்லை’ என்று வந்தால், ‘இன்னும் தெரியவில்லை’ என்றே கொள்ள வேண்டும். ‘எல்லைக்கோடு’ என்பதும் அத்தகையதே. சில நாள் கழித்து மீண்டும் ஊசி போட்டு இரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான். 1896இல் தோன்றிய விடால் சோதனையின் நிலையும் வேறன்று. டைஃபாய்டு பரவலாக உள்ள நகரில், நலமாக உள்ள பிள்ளைக்கும் 1:80 வரலாம். டைஃபாய்டை உறுதிசெய்ய, நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் எடுக்கும் இரத்த வளர்ப்புச் சோதனையே நம்பத்தக்கது.

அவ்வாறெனில் பெற்றோர் செய்யத்தக்கது யாது? பிள்ளையின் தோலைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. எனவே பிள்ளை சொல்லாது. அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தலைமுடிக்குள், அரைஞாண் கயிற்றின் அடியில் மறைந்திருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தோன்றுவதில்லை. தோன்றினால், குளிப்பாட்டும் பாட்டியின் கண்ணுக்கே எங்களுக்கு முன் படும். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் குறித்து வையுங்கள். முந்தைய மூன்று வாரங்களில் பிள்ளை எங்கெங்கு விளையாடியது? அடையாற்றங்கரைப் புதரா, பந்து விழுந்த காலி மனையா, விடுமுறைக்குச் சென்ற தாத்தா வீட்டுத் தோட்டமா? ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் பெயர்களும் வேண்டும்.

இவற்றை அற்பம் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் ஊரை ஒட்டிய பகுதியில், பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியது. பாலி மர்ரே என்ற தாய் தம் குடும்பத்தார்க்கு வந்த நோய்க்குறிகளை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திருந்தார். 1975இல் அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் துறையிடம் முறையிட்ட பின்னரே ஆய்வு தொடங்கி, உண்ணி பரப்பும் லைம் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அந்நோயிலும் முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. பரவும் செந்தடிப்பைக் கண்டே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குகின்றார்.

நாங்களும் உண்ணிக்காய்ச்சல் என வலுவாக ஐயுற்றால் முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடங்குகின்றோம். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கக்கூடும். உரிய மருந்துக்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அந்த இறக்கமே எங்களுக்கு ஒரு சான்று. வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் இக்கிருமியிடம் பயன்படாது. அதைக் கொடுத்துக் காத்திருந்த நாள்களே சில பிள்ளைகளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்துள்ளன.

குணமான பின், ‘கிருமி போய்விட்டதா என்று இன்னொரு முறை பார்த்துவிடலாமே’ என்று கேட்போரும் உண்டு. ஐஜிஎம் சில மாதங்கள் இரத்தத்தில் தங்கியிருக்கும். ஓடியாடி நன்றாக உண்ணும் பிள்ளையின் தாளில் அது ‘உள்ளது’ என்றே வரும், வீட்டில் மீண்டும் உறக்கம் போகும். அந்த ஓர் ஊசியையாவது பிள்ளைக்கு மிச்சப்படுத்துங்கள்.