ஒருவன் விழித்திருந்த பேரரசு

பேரரசு ஒன்று வீழ்ந்தால் பழி சுமக்க ஓர் ஆள் வேண்டும். மோரியர் வீழ்ச்சிக்கு வரலாற்றாசிரியர் சிலர் கண்ட ஆள் அசோகன். அவனது கொல்லாமை படையை மழுங்கச் செய்தது, மழுங்கிய படையால் வடமேற்கு எல்லையைக் காக்க இயலவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. அவன் வெட்டுவித்த கல்லெழுத்துகளோ வேறு சொல்கின்றன.

கலிங்கப் போரில் இலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று தானே கணக்கெழுதி வருந்திய மன்னன், கலிங்கத்தைத் திருப்பித் தரவில்லை. வருந்தும் அதே சாசனத்தில், தன் பொறுமைக்குப் பின்னால் ஒறுக்கும் வலிமையும் உண்டெனக் காட்டு மக்களை எச்சரிக்கிறான். கொலைத்தண்டனையையும் அவன் ஒழிக்கவில்லை. தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை கொடுத்தான், அவ்வளவே. அந்த வருத்தத்தைத் தாங்கிய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கலிங்கத்துத் தவுளியிலும் சௌகடாவிலும் வெட்டப்படவில்லை. மாண்டவர்தம் சுற்றத்தார் வாழ்ந்த மண்ணில் அதனை விலக்கியது அருளா, அரசியலா? அரசியல் என்றே நாம் கருதுகிறோம்.

இத்தகைய அரசைக் கோழை என்பது பொருந்தாது. அதன் நோய் வேறிடத்தில் இருந்தது.

கி.மு. 321ஐ ஒட்டி, மகதத்தை ஆண்ட நந்தரை வீழ்த்திய முதல் மோரியன் சந்திரகுப்தன், அவர்தம் கருவூலத்தோடு வரி திரட்டும் அமைப்பையும் சேர்த்தே பெற்றான். தலைநகர் பாடலியில் நந்தர் குவித்த செல்வத்தின் புகழ், தெற்கே மாமூலனாரின் அகநானூற்றுப் பாட்டு வரை எட்டியிருந்தது. பின்னர் அவன் கிரேக்க வேந்தன் செலூக்கசுக்கு 500 யானைகளைக் கொடுத்துச் சிந்துவுக்கு அப்பாலும் நிலம் கொண்டான். இரண்டு தலைமுறைக்குள் அரசின் எல்லை பல மொழி, பல தொழில், பல வழக்குடைய மக்களைத் தழுவியது. அவர்களைப் பிணைத்தது பாடலியிலிருந்து வந்த ஆணை ஒன்றே.

உண்ணும்போதாயினும் அந்தப்புரத்தில் இருக்கும்போதாயினும் குடிகளின் செய்தியைத் தனக்கு அறிவிக்கலாம் என்று ஆறாம் பாறைச் சாசனத்தில் அசோகன் அறிவித்தான். இதனைக் கடமையுணர்வின் உச்சமாகப் போற்றுவர். நமக்கோ இது, எல்லாம் ஒருவனையே சார்ந்திருந்த அவ்வரசின் அமைப்பைப் பற்றிய ஒப்புதல் வாக்குமூலமாகவே படுகிறது. தவுளியில் தோசலி நகர அதிகாரிகளை நோக்கி எழுதியது இன்னும் வெளிப்படையானது. காரணமின்றி மக்கள் சிறைப்படுகின்றனர் என்று கடிந்துகொள்கிறான்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளரை அனுப்புவேன் என்கிறான்; உச்சயினிக்கும் தக்கசீலத்துக்கும் மூன்றாண்டுத் தவணை. குடிகள் யாவரையும் தன் பிள்ளைகள் என்றவனின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் தந்தையாக ஆண்டவன் மறைந்தபின் அந்த அதிகாரி யாருக்குக் கணக்குக் காட்டுவான்? அவனைத் தடுக்க ஊரவையோ நாட்டவையோ எழுப்பப்படவில்லை. தக்கசீலத்தார் கிளர்ந்தபோது, தமக்குப் பகை அரசனோடு அன்று, தம்மை இழிவுபடுத்தும் அமைச்சரோடுதான் என்று கூறியதாகப் பௌத்த நூலான திவ்யாவதானம் சொல்கிறது. கதையே எனினும் நோய்க்குறி சரியாகவே இருக்கிறது.

கி.மு. 232 அளவில் அசோகன் மறைந்தான். அடுத்த அரை நூற்றாண்டில் அரியணை ஏறியோர் யார் யார் என்பதிலேயே புராணங்கள் முரண்படுகின்றன. அவ்வளவு மங்கிய ஆட்சிகள். கி.மு. 185 வாக்கில், கடைசி மோரியன் பிருகத்ரதனை, படையைப் பார்வையிடச் செய்து அவன் தளபதி புசியமித்திரனே கொன்றான் என்கிறார் வடமொழிப் புலவர் பாணர். அணிவகுத்து நின்ற சேனையின் முன்னிலையில் நிகழ்ந்த கொலை அது. அரசனுக்காக அச்சேனை அசைந்ததாகச் செய்தி இல்லை.

கலிங்கம் மீண்டும் தனியரசாயிற்று. தவுளியிலிருந்து தொலைவில் அல்லாத உதயகிரியின் அத்திகும்பாக் குகையில் கலிங்க வேந்தன் காரவேலன் தன் ஆட்சிச் செயல்களை ஆண்டு வாரியாகப் பொறித்தான். அவற்றுள் ஒன்று, மகத வேந்தனைத் தன் அடியில் பணிய வைத்தது.