வெறிநாயும் ஜீவகாருண்யமும்

ஆராய்ச்சிச் சாலைகளில் முயலையும் எலியையும் குரங்கையும் அறுக்கின்றார்கள், மண்டையைத் துளைத்து மூளையைத் தோண்டுகின்றார்கள், இது மகாபாபம், இப்பாபத்தின் பலனாகவே நாட்டில் புதுப்புது வியாதிகள் வருகின்றன என்பதாக ஒரு பிரசங்கியார் கோயில் மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசினதை நாமும் ஓரமாய் நின்று கேட்டோம். பிரசங்கம் முடிந்தவுடன் ஒரு தாயார் தன் பிள்ளையை இழுத்துவந்து, "சாமி, நாய் கடித்துவிட்டது, திருநீறு மந்திரித்துக் கொடுங்கள்" என்று கேட்டாள். அவரும் தாராளமாய்க் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வார்த்தை சொன்னாரில்லை. நாம் குறுக்கிட்டுச் சொன்ன பிறகே அவ்வம்மாள் புறப்பட்டாள். முயலுக்காக ஒரு மணி நேரம் உருகின நெஞ்சம் அந்தப் பிள்ளைக்காக ஒரு நிமிஷம் உருகக்கூடாதா என்று கேட்கின்றோம்.

நாய்க்கடி மந்திரத்தின் சூட்சுமம் மிகவும் சுலபமானது. கடிக்கிற நாய்க்கெல்லாம் வெறி இருப்பதில்லை. வெறியில்லாத நாய் கடித்தவன் பிழைத்துக்கொண்டால் மந்திரத்தின் மகிமை. வெறிநாய் கடித்தவன் இரண்டு மாதம் கழித்துச் செத்தால் அவன் தலைவிதி. இந்த வியாபாரத்தில் நஷ்டம் ஏது? காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்புகிறவர்களின் கைராசியும் இப்படிப்பட்டதே.

அந்த இரண்டு மாதத்தில் உடம்புக்குள் என்ன நடக்கின்றது? நாயின் எச்சிலிலுள்ள கிருமி காயத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகின்றது. மூளையை அடைந்ததும் குணமே மாறிவிடுகின்றது. வாலாட்டிக்கொண்டிருந்த நாய் கண்டவரைக் கடிக்கின்றது. தாகத்தால் தவிக்கும் மனிதன் தண்ணீரைக் கண்டு அலறுகின்றான். பேய் பிடித்ததென்றும் தேவி கோபமென்றும் நம்மவர்கள் சொல்லிவந்தது இதைத்தான். அந்தக் குறி கண்டபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். இன்றும் உலகில் ஆண்டுக்கு சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாக மதிப்பிட்டிருக்கின்றார்கள்; அதில் பெரும்பங்கு நம் நாட்டுடையது.

நோய் மூளையில் குடியிருக்கின்றது என்ற சங்கதியை எந்த ரிஷி ஞானதிருஷ்டியால் கண்டு சொன்னார்? பிரெஞ்சு தேசத்துப் பாஸ்டரும் அவருடைய உதவியாளர் ரூவும் நாயை வைத்துத்தான் கண்டார்கள். நாயின் மண்டையைத் துளைக்கப் பாஸ்டருக்கே மனம் வரவில்லையாம். அவர் வெளியே போயிருந்த சமயம் ரூ ஒரு நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துத் துளையிட்டு, வெறிநாயின் மூளைச் சத்தை அங்கே வைத்தார். மறுநாள் நாய் சுகமாய் நடமாடுவதைப் பார்த்த பிறகே பாஸ்டருக்கு நிம்மதி வந்தது. சில வாரத்தில் அதற்கு வெறி கண்டது. நோயின் இருப்பிடமும் தெரிந்தது. பிறகு முயலுக்கு முயல் கிருமியை மாற்றி, செத்த முயலின் முதுகுத் தண்டைச் சீசாவில் தொங்கவிட்டு உலர்த்தி, அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1885ம் வருஷம் ஜூலை 6ந் தேதி, வெறிநாயிடம் பலமாய்க் கடிபட்டு வந்த 9 வயதுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு அந்த மருந்தில் 13 ஊசிகள் போட்டார்கள். பையன் பிழைத்தான். முயல்கள் செத்தன என்பதை நாம் மறைக்கவில்லை. முயலைத் தொடாமல் அப்பையனைக் காப்பாற்ற அன்று யாரிடம் என்ன வழி இருந்தது என்பதைப் பிரசங்கியார் சொல்லட்டும்.

நிற்க, நம் கட்சியிலும் சிலர், விஞ்ஞானி செய்தால் சரியாய்த்தான் இருக்கும், நாம் யார் கேட்க என்கின்றார்கள். இது வேறொரு குருக்களுக்குத் தண்டனிடுவதே தவிர பகுத்தறிவாகாது. இதில் நமக்குச் சொந்த அனுபவமே உண்டு.

1911ல் கசௌலியில் செம்ப்பிள் என்ற டாக்டர், நோய் கண்ட ஆட்டின் மூளையை அரைத்து, கார்பாலிக் திராவகத்தால் கிருமியைக் கொன்று ஒரு மருந்து செய்தார். நம் நாட்டில் வெகுகாலம் நாய்க்கடிக்கு அதுவே ஊசி. 1990ல் நமக்கு வயது 10. தெருநாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. முதலில் மந்திரிப்பவரிடமும், நான்கு நாள் கழித்தே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள். நமக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மோடு வரிசையில் நின்ற கூலிக்காரர் ஒருவருக்குப் பத்தாம் ஊசிக்குப் பின் இரண்டு காலும் விழுந்துவிட்டன. நாய் விஷம் காலில் இறங்கிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நாமும் வெகுநாள் அப்படியே நம்பியிருந்தோம்.

நாய் விஷமல்ல, ஊசியே அப்படிச் செய்யக்கூடியது. ஆட்டு மூளையை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல் சக்தி, சிலருக்குத் தன் சொந்த நரம்பின் உறையையே தின்றுவிடுகின்றது. இதுவும் மிருகத்தை வைத்தே தெரிந்தது. 1933ல் நியூயார்க்கில் ரிவர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் குரங்குகளுக்குக் கிருமியே இல்லாத முயல் மூளையைத் திரும்பத் திரும்ப ஊசியேற்றிப் பார்த்தார்கள். சில குரங்குகளுக்குப் பக்கவாதம் கண்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு வியாதியைப் பற்றிய ஆராய்ச்சிகள் பலவற்றுக்கு இந்தச் சோதனையே தாயாய் அமைந்தது.

1933ல் குரங்கு சொன்ன பாடத்தை நம் சர்க்கார் எப்பொழுது கேட்டது? 2004ல்! வேறு வழியில்லாத காலத்தை மன்னித்துவிடுவோம். 1970களிலேயே மூளை கலவாத நல்ல ஊசி வந்துவிட்டதே! அதன் பிறகு பணமுள்ளவன் கடையில் நல்ல ஊசி வாங்கிக்கொண்டான். ஏழை தர்ம ஆஸ்பத்திரியில் ஆட்டு மூளைக்கு வயிற்றைக் காட்டினான். ஆடும் வீணாய்ச் செத்தது, கூலிக்காரன் காலும் போயிற்று. இதுவல்லவா ஜீவஹிம்சை? இதற்காக எந்த ஜீவகாருண்ய சபை ஊர்வலம் போயிற்று?

ஆட்டை விடுவித்ததும் ஆராய்ச்சியேயன்றிப் பிரசங்கமல்ல. 1962ல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றளவும் சீசாக்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அதிலே கிருமியை வளர்த்து மருந்து செய்கின்றார்கள். 1907ல் ஏற்பட்ட நமது குன்னூர் பாஸ்டர் நிலையமும் இம்முறைக்கு வந்தது.

சட்டத்தையும் பாருங்கள். 1960ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், ஆராய்ச்சிக்காரனைக் கண்காணிக்க ஒரு கமிட்டி வைக்கலாம், மயக்க மருந்து கொடுக்கவேண்டும், சிறிய பிராணி போதுமான இடத்தில் பெரியதைத் தொடக்கூடாது என்று நிபந்தனை பேசுகின்றது. பேசட்டும், நியாயம். அதே சட்டத்தின் 28வது பிரிவோ, மதம் கோருகிற முறையில் கொன்றால் குற்றமே இல்லை என்று விட்டுவிடுகின்றது. ஒரு பிள்ளையைப் பிழைக்கவைக்கச் செத்த எலிக்குக் கணக்கு உண்டு. சாமி பேரால் செத்த கிடாவுக்குக் கணக்கில்லை. பாபம் பாபம் என்று கூவுகிற பெரியவர்கள் இந்த 28வது பிரிவைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

விஞ்ஞானிகளிடமும் நாம் கணக்குக் கேட்கத்தான் செய்கின்றோம். நாய்க்கடி மருந்தின் வீரியத்தைச் சோதிக்க, சுண்டெலிகளின் மூளையில் வெறிக்கிருமியை ஏற்றி எத்தனை சாகின்றன என்று எண்ணும் பழைய முறை பல இடங்களில் இன்னும் கைவிடப்படவில்லை. எலி இல்லாமல் குழாயிலேயே அளந்து பார்க்கும் முறைகள் வந்திருக்கும்போது, பழக்கம் என்ற ஒன்றுக்காக எலியை வதைப்பதற்கும் நம் பாட்டியார் வழக்கத்துக்காகக் கிடா வெட்டினதற்கும் என்ன வித்தியாசம்?

தோழர்கள் ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லிவையுங்கள். நாய் கடித்தால் கால் மணி நேரம் சோப்புப் போட்டுத் தண்ணீர்விட்டுக் கழுவுங்கள், சுண்ணாம்பு வேண்டாம். அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்பொழுது வயிற்றில் குத்துவதில்லை, தோளில் சில ஊசிகளே. சொன்ன தேதி தவறாமல் போடவேண்டும். கடி ஆழமானால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். மருந்து இருப்பில் இல்லையென்று திருப்பி அனுப்பினால் அந்த இடத்திலேயே நின்று, எங்கே இருக்கின்றது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.